ஆணியா தகடா என்பதல்ல கேள்வி

வீட்டில் ஒரு முதியவர் விழுந்து இடுப்பு முறிந்துவிட்டால் கடல் கடந்த தொலைபேசிகள் ஓயாது ஒலிக்கும். ரொறன்ரோவில் இருக்கும் மகனும் இலண்டனில் இருக்கும் மகளும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த நாட்டுப் பிளேற் வைக்கப்போகினம்? காசைப் பற்றி யோசிக்க வேண்டாம், திறமானதாக வைக்கச் சொல்லுங்கோ."

பாசத்தில் பிறந்த கேள்வி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது பிழையான கேள்வி. உலோகத்தைப் பற்றி விவாதித்து நாட்களைக் கடத்துவது நோயாளருக்கு நாம் இழைக்கும் தீங்கு என்பதே என் வாதம்.

ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம். தொடையெலும்பின் கழுத்து முறிந்த, 50 வயதும் அதற்கு மேலுமான 1108 பேரைக் கொண்டு எட்டு நாடுகளில் நடத்தப்பட்ட 'ஃபெயித்' ஆய்வு 2017இல் 'லான்செற்' இதழில் வெளியானது. ஒரு சாராருக்குத் தகட்டோடு இணைந்த சறுக்குத் திருகாணி பொருத்தப்பட்டது. மற்றவர்களுக்குப் பல சிறு திருகாணிகள். இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்பட்டோர் முதற் சாராரில் 20 சதவீதம், மற்றையதில் 22 சதவீதம். புள்ளிவிபரக் கணக்கில் இதனை வேறுபாடு என்று கொள்ள இயலாது.

கழுத்துக்குச் சற்றுக் கீழே முறிந்தோருக்கு, எலும்பின் உட்குழியில் இறக்கும் விலை கூடிய ஆணியையும் அதே சறுக்குத் திருகாணியையும் ஒப்பிட்டது 850 பேரைக் கொண்ட 'இன்சைற்' ஆய்வு. 2023இல் வெளியான அதன் முடிவின்படி, ஓராண்டின் பின்னர் இரு சாராரின் வாழ்க்கைத் தரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.

எல்லாம் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. கழுத்து முறிந்து எலும்பு விலகிவிட்ட முதியவருக்குத் திருகாணியை விடச் செயற்கை மூட்டே பொருத்தமானது. மீண்டும் வெட்டவேண்டிய தேவை அதில் வெகுவாகக் குறையும். முறிவு மேலும் கீழே இறங்கியிருந்தால் ஆணியே சிறந்தது. ஆனால் இவை நிபுணர் எக்ஸ்றே படத்தைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டியவை, பிள்ளைகளின் பணப்பையைப் பார்த்தல்ல.

அப்படியானால் எது உயிரைக் காக்கிறது? பிரித்தானியாவைப் பாருங்கள். அங்கு 2007இல் இடுப்பு முறிவுகளுக்கான தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டது. எத்தனை மணி நேரத்தில் சத்திரசிகிச்சை நடந்தது, முதியோர் நல வைத்தியர் பார்த்தாரா என்பன வைத்தியசாலை வாரியாகப் பகிரங்கமாயின. அனுமதிக்கப்பட்ட அன்றோ மறுநாளோ சத்திரசிகிச்சை பெற்றோர் 54.5 சதவீதத்திலிருந்து 2011இல் 71.3 சதவீதமாக உயர்ந்தனர். அதே காலத்தில் 30 நாட்களுக்குள் இறந்தோர் 10.9 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தனர். புதிய ஆணி எதுவும் இதனைச் சாதிக்கவில்லை. ஒழுங்கும் கண்காணிப்பும் சாதித்தன.

இதற்காக நள்ளிரவில் பதறியடித்து வெட்டவேண்டும் என்பதுமில்லை. 17 நாடுகளில் 2970 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான 'ஹிப் அற்றாக்' ஆய்வில், ஆறு மணி நேரத்தில் சத்திரசிகிச்சை பெற்றோருக்கும் 24 மணி நேரத்தில் பெற்றோருக்கும் இடையே மரண வீதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. விரைந்து செய்யப்பட்டோரிடம் மனக்குழப்பம் குறைவாக இருந்தது. அவர்கள் முன்னதாகவே எழுந்து நின்றார்கள். சில மணி நேரம் பொறுக்கலாம். விலை உயர்ந்த உலோகம் வந்து சேரட்டும் என்று ஒரு கிழமை காத்திருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் நிமோனியாவையும் படுக்கைப் புண்ணையும் இரத்தக்கட்டியையும் அழைத்து வருகிறது.

இதனிலும் கொடியது நம்மவரின் இன்னொரு பேச்சு: "வயது போட்டுது, இனி எதற்கு வெட்டுக்கொத்து? எண்ணெய் போட்டுக் கட்டிப் பார்ப்பம்." முறிவு நெரிவுப் பரியாரிமாரின் கைத்திறனை நான் இகழவில்லை. ஆனால் விலகிப்போன தொடையெலும்புக் கழுத்தை எந்த எண்ணெயும் பொருத்தாது. மிகச் சிலருக்கே சத்திரசிகிச்சை தாங்க முடியாததாகிறது. மற்றையோருக்கு அதனை மறுப்பது, இரக்கம் என்ற பெயரில் அவர்களைச் சாகவிடுவதாகும். தொண்ணூறு வயதானவருக்கும் வலியின்றி எழுந்து நிற்கும் உரிமை உண்டு.

ஆகவே அடுத்த முறை தொலைபேசியை எடுக்கும்போது வேறு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சத்திரசிகிச்சை இன்றா, நாளையா? அதற்கு மறுநாள் அம்மாவை எழுப்பி நிறுத்த யார் வருவார்? இருதயம், சலரோகம், மருந்துகள் ஆகியவற்றைக் கவனிக்கும் பொது வைத்தியர் அவரைப் பார்த்தாரா? தெளிவான பதில் கிடைக்காவிட்டால் குரலை உயர்த்திக் கேளுங்கள். பிளேற் வாங்க வைத்திருக்கும் மேலதிகக் காசை, அவரை நடக்கப் பழக்கும் ஒருவருக்குக் கொடுங்கள்.