எண்ணிக்கையும் எண்ணமும்

கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் புறநோயாளர் வரிசையில் ஒரு நாள் நின்று பார்த்தவர்கள், உழைக்கும் சென்னையின் முகத்தைக் கண்டவர்கள் ஆவர். அவ்வரிசையில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் பொறிக்கு முன் அமர்ந்து பணிபுரியும் பெண்களும் உண்டு. தலைவலி, முதுகுவலி, வயிற்றெரிச்சல், உறக்கமின்மை என்று அவர்கள் தம் நோயைக் கூறுவர். ‘மனம் சோர்ந்துவிட்டது’ என்று சொல்லிச் சீட்டுப் பெறுபவர் அரியர். மனத்தின் துயரை உடலின் மொழியில் சொல்லவே நம் சமுதாயம் அவர்களைப் பழக்கியிருக்கிறது.

இத்துயரின் ஊற்று எது? ஒரு சட்டை ஒருவர் கையால் முழுமை பெறுவதில்லை. கழுத்துப்பட்டை ஒருவருக்கு, கைப்பகுதி மற்றொருவருக்கு, பொத்தான் துளை வேறொருவருக்கு எனப் பல கூறுகளாக வேலை பிரிக்கப்படுகிறது. ஒருவர் காலை முதல் மாலை வரை ஒரே தையலையே தைக்கிறார். மணிக்கு இத்தனை ‘பீஸ்’ என்னும் ‘டார்கெட்’ அவர் தலைக்கு மேல் தொங்குகிறது. ஒருவர் கை தளர்ந்தால் அடுத்தவர் முன் வேலை நின்றுவிடுகிறது. அயல்நாட்டு வணிகர் குறித்த தேதியின் அழுத்தம் முதலாளியிடமிருந்து மேலாளருக்கும், மேலாளரிடமிருந்து மேற்பார்வையாளருக்கும் இறங்கி, இறுதியில் வசைச் சொல்லாகத் தொழிலாளியின் செவியில் விழுகிறது. வீட்டிற்குச் சென்றாலோ அடுப்பும் கடனும் பிள்ளைகளின் படிப்பும் காத்திருக்கின்றன. இத்தனைக்கும் நடுவே, தன் வேலையின் வேகத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லும் உரிமையும் அவருக்கு இல்லை. மனம் களைப்பதில் வியப்பென்ன?

‘மனநலம் பார்த்தால் உற்பத்தி என்னாவது?’ என்று கேட்பவர் உண்டு. கலங்கிய மனத்தோடு தைத்த தையலைப் பிரித்து மீண்டும் தைக்க நேர்கிறது. விடுப்பு பெருகுகிறது; பழகிய கைகள் வேலையை விட்டு நீங்க, புதியவரைப் பழக்க நாள்கள் செல்கின்றன. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாள்கள் வீணாகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. எனவே இழப்பு தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று.

அண்டை மாநிலத்துச் சான்று ஒன்றையும் நோக்குவோம். 2016இல் கர்நாடகத்தில் குறைந்தபட்ச ஊதியம் எதிர்பார்த்த அளவிற்கு உயராமையால் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் மனம் வாடினர். அப்போது ஆய்வாளர்கள் சில தொழிற்சாலைகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும் ஊதியம், பணிச்சூழல், மேற்பார்வையாளர் ஆகியவை பற்றிக் கருத்துக் கேட்டனர். கேட்கப்பட்டவர்களிடையே வேலையை விட்டு விலகும் போக்கு, கேட்கப்படாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கேட்கப்பட்டவர்களுக்கு என்று தனியாக ஊதியம் ஒரு காசும் கூட்டப்படவில்லை. செவி கொடுத்தது ஒன்றே வேறுபாடு! எனினும் இதிலிருந்து, ‘கேட்டால் போதும், கொடுக்க வேண்டா’ என்னும் பாடத்தை எவரும் கற்றுக்கொள்ளலாகாது. கேட்டபின் ஒன்றும் செய்யாவிடில், கேட்டதும் ஒரு நாள் ஏமாற்றாகவே தோன்றும்.

மருந்துக்கு வழி இல்லாமல் இல்லை. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், கடும் உளப்பிணி உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்கு, உரிய தகுதி பெற்றவர்கள் ஊதியத்தில் 80 விழுக்காடு வரை உதவி பெறலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கிறது. ஆயினும் நோய்க்குக் காரணம் எது எனத் தேடி அதனைத் தணிப்பதன்றோ மருத்துவம்? மருத்துவமனையில் மாத்திரை பெற்றவர் மறுநாள் அதே வசைக்கும் அதே அவசரத்திற்கும் திரும்புவாராயின், அம்மாத்திரை எத்தனை நாள் காக்கும்?

ஆகவே சீர்திருத்தம் தையல் பொறியின் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். மனிதரால் எட்டக்கூடிய இலக்கு, தண்ணீர் அருந்தவும் கழிப்பறை செல்லவும் தடையற்ற இடைவேளை, வசைமொழி பேசாத மேற்பார்வை, அஞ்சாமல் முறையிட ஓர் இடம் ஆகிய நான்கும் பெருஞ்செலவு கோருவன அல்ல. வேலை நேரத்தை 12 மணியாக நீட்டிக்க இடமளித்த சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே கைவிடப்பட்டது. தொழிலாளர் குரல் ஒன்றுபட்டு ஒலித்தால் கேட்கப்படும் என்பதற்கு இது சான்று.

இன்னும் ஒன்று. உற்பத்தி பெருகும் என்பதற்காக மட்டுமே மனநலம் பேணுவது, பால் கறப்பதற்காகப் பசுவிற்குப் புல் இடுவதை ஒக்கும். உற்பத்தி பெருகாவிடினும் அப்பெண்ணின் மன அமைதி அவளுக்குரிய உரிமையே. உற்பத்தி அதன் பயன். அதன் காரணம் அன்று.

மாணவச் செல்வங்களே, உங்களுள் பலருடைய கல்விக் கட்டணம் இத்தகைய தாயின், தமக்கையின் விரல் நுனியில் பிறந்ததாக இருக்கலாம். இன்று மாலை அவர் வீடு திரும்பியதும், ‘இன்று எத்தனை பீஸ்?’ என்று கேளாதீர்கள்; ‘இன்றைய பொழுது எப்படிக் கழிந்தது?’ என்று கேளுங்கள். ஊர்ப் பெரியோர்களும், மனநல மருத்துவரிடம் செல்வதை இழுக்கெனப் பேசும் வழக்கத்தைத் தம் வீட்டிலேயே முதலில் நிறுத்தட்டும். தொழிற்சாலைப் பலகையில் எழுதப்படும் எண்ணிக்கைக்குப் பின்னால் எண்ணும் மனம் ஒன்று இருக்கிறது என்பதை முதலாளிகள் உணரும் நாளுக்காகக் காத்திராமல், நாம் இன்றே உணர்வோமாக.