யாரைக் கேட்டார்கள்?

2020 நவம்பர் 9ஆம் தேதி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டினார்கள். 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளை 16ஆம் தேதி திறக்கலாமா, வேண்டாமா என்று கேட்டார்கள். மறுநாள் திரையரங்குகள் திறந்தன. அதற்கு எந்தத் தாயையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கவில்லை. 12ஆம் தேதி பள்ளித் திறப்பு ரத்தானது.

டாஸ்மாக் அதற்கும் முந்தி. மே 7ஆம் தேதியே கடைகள் திறந்தன. பல ஊர்களில் பெண்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்சநீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி, 16ஆம் தேதி மறுபடி திறந்தது. ஒன்றாம் வகுப்புக்காக யாரும் டெல்லிக்கு ஓடவில்லை. அந்தக் குழந்தைகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி.

கொரோனா பொய் என்று சொல்பவளல்ல நான். 2021 மே மாதம், மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றபோது, பள்ளியைத் திறக்கச் சொல்வது பைத்தியக்காரத்தனம். ஆசிரியர்களின் பயமும் நியாயமானதுதான். என் சண்டை எது முதலில், எது கடைசியில் என்ற அந்த வரிசையோடு.

ஜமுனாமரத்தூரில் நின்று அந்த வரிசையைப் பாருங்கள். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு உண்டு உறைவிடப் பள்ளி என்பது பாடம் மட்டுமல்ல. மூன்று வேளைச் சோறு, கதவுள்ள கழிப்பறை, மாதவிலக்குக்கு நாப்கின், தம்பியைத் தூக்காமல் உட்கார ஓர் இடம். பள்ளி மூடியிருந்தபோது சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தோம் என்றார்கள். கொடுத்தார்கள்தான். வீட்டுக்கு வந்த அரிசி வீட்டுப் பானைக்குள் போகும்; அந்தப் பானையில் கடைசியாகக் கரண்டி விடுகிறவள் யார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளித் தட்டில் விழும் முட்டையை அவளிடமிருந்து யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

கல்வித் தொலைக்காட்சி இருந்ததே என்பார்கள். மலைக் குக்கிராமத்தில் செல்போன் சிக்னலுக்கு மேடேற வேண்டும். வீட்டில் ஒரே போன் என்றால் அது அண்ணனுடையது. பதினைந்து வயதுப் பெண் படிப்பில்லாமல் வீட்டில் இருந்தால் அடுத்த பேச்சு கல்யாணம்தான். ஹாஸ்டலில் இருப்பவளைப் பெண் கேட்டு வருவது அவ்வளவு சுலபமில்லை.

இனி, 'பெற்றோர் கருத்து' என்ற சொல். காப்பித் தோட்ட வேலைக்கு மலையிறங்கிப் போன தாயும் தகப்பனும் எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? சாமை அறுப்பை விட்டுவிட்டு வந்து உட்கார எந்தப் பெண்ணால் முடியும்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு மேலாண்மைக் குழு வைக்கச் சொல்கிறது. முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவிடம் ஊருக்கு ஊர் கேட்டிருக்கலாம். ஆனால் சென்னையின் தொற்றுக் கணக்கும் ஜவ்வாது மலையின் தொற்றுக் கணக்கும் ஒரே தேதிக்குள் அடைக்கப்பட்டன.

அடுத்த தொற்று வரும். அன்று கடைசியாக மூடவேண்டியவை மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகள். மூடியே ஆகவேண்டுமென்றால் முதலில் திறக்கவேண்டியவையும் அவைதான். குழுவில் இருக்கும் பெண்களைக் கேளுங்கள், வேலை முடிந்து அவர்கள் வரும் நேரத்துக்குக் கூட்டத்தை வையுங்கள். அந்தப் பதினைந்து வயதுக்காரியையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.