நட்ட கன்றுகள் எங்கே?

ஒவ்வொரு வருசமும் ஜூலை 26 வந்தால் எங்கட டைம்லைன் முழுக்கப் பச்சையாகிவிடும். சர்வதேச கண்டல் பாதுகாப்பு நாள். ஒரே நிற ரீசேர்ட், ஒரு பனர், முழங்கால் வரை சேற்றில் நிற்கிற இளைஞர்கள், ஆளுக்கொரு கன்று. நோக்கத்தில் பிழை சொல்ல ஏலாது. ஆனால் நாங்கள் ஒன்றைக் கேட்கத்தான் வேணும்: போன வருசம் நட்ட கன்றுகள் எங்கே?

இது நக்கல் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரத்தில் கண்டல் நடுகை பெருமெடுப்பில் நடந்தது. நட்ட இடங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. 23 இடங்களில் 9இல் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நடுகை நடந்த 1,000 – 1,200 ஹெக்டேயரில் தேறியது 200 சொச்சம்தான்.

ஏன் இப்படி? கண்டல் சேற்றில் வளரும் என்பது பாதிக் கதை. அந்தச் சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால்தான் கண்ணா மரம் பென்சில்களைக் குத்திவிட்ட மாதிரி மூச்சுவேர்களை நிலத்துக்கு மேலே நீட்டுகிறது. கண்டல் மரம் முட்டுக்கொடுத்த மாதிரித் தாங்குவேர்களை இறக்குகிறது. தண்ணி வற்றுகிற நேரம் இந்த வேர்களின் நுண்துளைகளால் காற்று உள்ளே போகும். எந்நேரமும் தண்ணிக்குள் கிடந்தால் கன்று மூச்சுமுட்டிச் சாகும். தண்ணியே வராவிட்டால் மண்ணில் உப்பு ஏறும். எங்கட கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை. ஆகவே கண்டல் நிற்கக்கூடிய பட்டி மிக ஒடுக்கமானது. கொஞ்சம் கீழே இறக்கி நட்டாலே கதை முடிஞ்சுது.

நடுகைகளில் நடப்பது என்ன? கண்டல் மரத்தின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் மாதிரித் தொங்கும். பிடுங்கிச் சேற்றில் குத்தினால் வேலை முடிஞ்சுது. லேசு என்பதால் எல்லா இடத்திலும் அதே இனம்தான். இடமும் 'வெறுமையாக' இருக்கிற சேற்றுத்திடல் அல்லது கடற்புல் படுக்கை. அது வெறுமை இல்லை. பறவைக்கும் மீனுக்கும் அது மேய்ச்சல் நிலம். அங்கே கண்டல் இல்லாமல் இருப்பதற்கும் காரணம் இருக்கு.

காடு அழிந்த இடங்களின் கதை வேற. புத்தளம், சிலாபம் பக்கம் 1980களில் இருந்து கண்டலை வெட்டி இறால் பண்ணைகள் போட்டார்கள். 1990களில் வெண்புள்ளி நோய் வந்தது. ஏராளமான குளங்களைக் கைவிட்டுப் போட்டுப் போய்விட்டார்கள். வரம்புகள் மட்டும் இன்னும் நின்று தண்ணியை மறிக்கின்றன. அங்கே முதல் தேவை கன்று இல்லை, மண்வெட்டி. வரம்பை வெட்டித் தண்ணி வந்துபோக விட்டால், பக்கத்தில் தாய்மரங்கள் இருக்கிற இடங்களில் விதை தானே மிதந்து வந்து ஊன்றும். மெதுவாகத்தான் நடக்கும். திறப்புவிழாவுக்கு உதவாது. ஆனால் நிலைக்கும்.

இதில் இழப்பு யாருக்கு? இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளித்து வளர்வது இந்த வேர்களுக்குள்தான். காடு போனால் முதலில் அடிபடுவது பெரிய வள்ளம் இல்லாத, களப்பில் வலைவீசிப் பிழைக்கிற சனம். அதோடு, காற்றில்லாத அந்தச் சேறு நூற்றாண்டுக் கணக்காகக் கரியைப் பூட்டி வைத்திருக்கு. மண்ணைக் கிளறினால் அது வெளியே வரும். முதிர்ந்த ஒரு காட்டை நிரவிப்போட்டு வேற எங்கேயோ ஆயிரம் கன்று நடுவது ஈடாகாது.

2015இல் கண்டல் முழுவதையும் பாதுகாக்கும் முதல் நாடு என்று இலங்கை பேரெடுத்தது. பேர் நல்லதுதான். ஆனால் களப்போரம் குப்பையும் கிரவலும் கொட்டப்படுவதை அந்தப் பேர் தடுக்காது. பார்த்துக்கொண்டு போகிற நாங்கள்தான் கேட்கவேணும்.

ஆகவே அடுத்த நடுகைக்குக் கூப்பிட்டால் நாங்கள் மூன்று கேள்வி கேட்போம். இங்கே முன்னர் கண்டல் இருந்ததா? தண்ணி வந்துபோக வழி இருக்கா? மூன்று வருசம் கழித்து வந்து எண்ணப்போவது யார்? முதல் இரண்டுக்கும் அந்தக் களப்பில் தொழில் செய்கிற ஒரு வயதான ஐயா நின்ற நிலையில் பதில் சொல்லுவார். மூன்றாவதுக்குப் பதில் இல்லையென்றால், கன்றை வைத்துவிட்டு, ஏற்கெனவே நிற்கிற காட்டைக் காப்பாற்றப் போவோம்.