கூலியின் பேரன் யார் பக்கம்?

ஊரை இழந்தவர், வேரை இழந்தவர், தான் யார் என்று தேடித் தவித்தவர் என்று எழுத்தாளர் வி. எஸ். நைப்பாலை முதலாளித்துவப் பத்திரிகைகள் புகழ்கின்றன. அந்த வேரை அறுத்தது யார்? அதை மட்டும் அவை கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

1834-ல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் அமுலுக்கு வந்தது. டிரினிடாட் தீவின் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கோ மலிவான ஆள் வேண்டும். 1845 முதல் 1917 வரை 1,40,000-க்கு மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து, சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. ஐந்தாண்டு ஒப்பந்தம். வேலைக்கு வராவிட்டால் சிறை. சீட்டில்லாமல் தோட்டத்தைத் தாண்டினாலும் சிறை. 1884-ல் சான் பெர்னாண்டோவில் மொகரம் ஊர்வலம் வந்த தோட்டத் தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

அந்தக் கூலிகளின் பேரன்தான் 1932-ல் பிறந்த நைப்பால். 1950-ல் அரசாங்க உதவிப் பணத்தில் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போனார். சொந்த வீட்டுக்கு ஏங்கும் ஒரு தகப்பனின் கதையை 1961-ல் நாவலாக்கினார். நல்ல நாவல், மறுக்கவில்லை. ஆனால் 1962-ல் அவர் தந்த தீர்ப்பு என்ன? மேற்கிந்தியத் தீவுகளில் எதுவுமே படைக்கப்படவில்லையாம்! 1964-ல் இந்தியாவை இருண்ட பிரதேசம் என்றார். 1990-ல் ‘சர்’ பட்டம் வந்தது. 2001-ல் நோபல் பரிசும் வந்தது.

எதுவுமே படைக்கப்படவில்லையா? லண்டன் சீமான்களின் தேநீரில் கரைந்த சர்க்கரையைப் படைத்தது யார்? எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டித் தட்டி இசைக்கருவியாக்கிய ஏழைக் கறுப்பு இளைஞர்கள் யார்? 1937-ல் எண்ணெய்த் தொழிலாளர் தொடங்க, கரும்புத் தொழிலாளரும் சேர்ந்து தீவையே குலுக்கிய வேலைநிறுத்தம் யாருடைய படைப்பு?

அதே 1950-ல் அதே தீவிலிருந்து இன்னொருவரும் லண்டனுக்குக் கப்பலேறினார். அவர் சாமுவேல் செல்வன். தகப்பனார் சென்னையிலிருந்து போனவர். 1956-ல் செல்வன் எழுதிய லண்டன் நாவலில் யார் வருகிறார்கள்? வேலை தேடி அலையும் கறுப்புத் தொழிலாளிகள். குளிரும் அறை, இரவு ஷிப்ட், நிறத்தைக் கண்டதும் மூடும் கதவு. அத்தனையும் அவர்கள் தெருவில் பேசும் பேச்சிலேயே! அந்த நாவலில் செங்கொடி இல்லை. ஆனால் இந்திய வம்சத்தவரின் பேனா கறுப்புத் தொழிலாளியின் பசியைத் தன் பசியாக எழுதியது.

தோழர்களே! தான் யார் என்பதை எஜமானன் வீட்டுத் திண்ணையில் நின்று தேடினால் இருட்டுத்தான் தெரியும். பக்கத்தில் உழைப்பவனோடு நின்று பார்த்தால் விளங்கும்.

நமக்கும் இது பொருந்தும். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மில்லுக்கும் வயலுக்கும் வருகிறவனை ‘வடக்கன்’ என்று ஏளனம் செய்யும் குரல் நம்மிடையேயும் கேட்கிறது. அன்று கப்பலேறியவன் நம் பாட்டன். இன்று ரயிலேறி வருகிறவன் நம் தம்பி. அவனுக்குக் குறைந்த கூலி கொடுக்கும் முதலாளி நாளை நம் கூலியிலும் கை வைப்பான்.

ஒரே வேலைக்கு ஒரே கூலி! அவனுக்கும் நமக்கும் ஒரே சங்கம்!