நிழலுக்குப் பின்னரே தாது உப்பு

மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோழிகள் முட்டையிடுதல் குறைந்தவுடன், தாது உப்புப் பொட்டலம் ஒன்றை வாங்கிக் கொடுக்குமாறு கூறிவிடுவது எளிது. மத்திய அந்தமானைச் சேர்ந்த லாங் ஐலண்ட் போன்ற சிறு தீவில் அவ்வறிவுரை செலவு மிகுந்ததாகும். பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்து, பின்னர் படகேறி வரும் பொருளுக்குக் குடும்பத் தலைவி கொடுப்பது முட்டை விற்ற காசேயன்றோ? ஆகவே உப்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைக் கள ஊழியர்கள் முதலில் அறிதல் வேண்டும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து இரைத்தே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த தீவுகளில் இம்முறை முழுப் பயன் அளிப்பதில்லை; எனவே கோழி மேலும் இரைக்கிறது. கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் இரத்தத்தின் காரத்தன்மை மிகுகிறது; பொட்டாசியமும் உடலிலிருந்து கழிகிறது. முட்டையின் ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. ஓர் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் உண்டு. இரைப்பினால் கார்பனேட்டும், தீவனம் குறைவாக உண்பதால் கால்சியமும் போதாமற்போகவே, ஓடு மெலிகிறது.

சமையற் சோடாவும் பொட்டாசியம் குளோரைடும் தக்க அளவில் தரப்பட்டால் இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்யும் என்பது உண்மையே. ஆயினும் கொதிக்கும் தகரக் கூரையின்கீழ், சூடேறிய நீரைக் குடித்து நிற்கும் கோழியை எவ்வுப்பும் காக்காது. கடலோரக் கிணற்று நீர் உவர்ப்பாயிருப்பின், அதில் மேலும் உப்புச் சேர்ப்பது தீங்கே தரும். நிழலும் காற்றோட்டமும் முதலாவது; குளிர்ந்த நன்னீர் இரண்டாவது; வெயிலுக்கு முன்னும் பின்னும் தீவனம் இடுதல் மூன்றாவது; தாது உப்பு நான்காவது. இவ்வரிசையை மாற்றுதல் ஆகாது.

சுண்ணாம்புச் சத்துக்காகக் கடற்கரையில் பவளம் பொறுக்குதலும் ஆகாது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானது. வீட்டில் எஞ்சும் முட்டை ஓடுகளைக் கொதிக்கவைத்து, உலர்த்தி, ஓட்டின் உருத் தெரியாதவாறு நொறுக்கி, மாலையில் தனிப் பாத்திரத்தில் வைக்கலாம். ஓடு பெரும்பாலும் இரவிலேயே உருவாவதால் மாலை வேளை ஏற்றது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே விளக்கலாம். ஓட்டுத் துண்டை எலுமிச்சைச் சாற்றில் இட்டால் குமிழிகள் எழும். அக்குமிழிகள் கரியமில வாயுவே. வெயிலில் கோழி இரைத்து இழப்பதும் அதுவே. இதனைக் கண்ணாற் கண்ட சிறுவன், வீடு சென்றதும் கோழிக்கூட்டின்மேல் தென்னங்கீற்று வேய்வான். பொட்டலம் அதன் பின்னர் வரட்டும்.