போகச் சீட்டு உண்டு, திரும்பி வர?

தோழனே! அமெரிக்காவிலே நிலையாகக் குடியிருக்க மனுச்செய்து காத்திருப்போன், தாயின் முகங்காணப் புறப்பட்டால், 'அட்வான்ஸ் பரோல்' எனும் தாள் பெறுகிறான். நுழைவு உறுதியன்று, எனினும் திரும்பி வந்து கதவைத் தட்டலாம்!

நமது நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி முகாமுக்கு வா. 1983 கொடுமைக்குப் பின் ஈழத்திலிருந்து கடல் கடந்து வந்தோரும் அவர்தம் மக்களும் வாழும் இடம். யாழ்ப்பாணத்திலே தாய் மாண்டால், நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்கலாம். திரும்பும் உரிமை அதில் இல்லை. கொள்ளி வைக்கப் போனவன் குழந்தைகளைக் காண்பது எங்ஙனம்?

1986இல் மண்டபத்தில் பிறந்த முகாம் பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் ஆணையிட்டது. 1987 சூலை முதல் நாளுக்கு முன் இங்கு பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்களாம். நன்று! அதற்குப் பின் அகதிப் பெற்றோர்க்குப் பிறந்தவனோ, பிறந்த மண்ணிலேயே அயலான். 2019 திருத்தச் சட்டமும் இலங்கையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

குடியுரிமை தருக என்கிறோம். அதுவரை, திரும்பிவர ஒரு தாளேனும் தில்லி தரட்டும்.