பொறுப்பேற்பார் இல்லாத புத்திமதி

செயற்கை நுண்ணறிவு என்னும் புதுமை இன்று நமது கிராமங்களையும் எட்டிவிட்டது. கைத்தொலைபேசியிலே தமிழில் ஒரு கேள்வியை எழுதினால் மறுகணமே தமிழிற் பதில் வருகின்றது. சட்டத்தரணியை அமர்த்தப் பணமில்லாத, பொலிஸ் நிலையத்தின் படியேற அஞ்சுகின்ற பெண், தன் துன்பத்தை முதன்முதலில் இயந்திரத்திடமே எடுத்துரைக்கும் காலம் பிறந்துவிட்டது. அவளுக்கு அங்கே கிடைப்பது நீதிக்கு வழியா, அன்றி நீதியின் பெயரால் ஓர் ஏமாற்றமா?

நன்மையை நாம் மறுக்கவில்லை. வீட்டிலே அடியுதைக்கு ஆளாகும் பெண், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் மன்றிலே பாதுகாப்புக் கட்டளை கோரலாம். தன்னைத் தாபரிக்க இயலாத மனைவி, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின்படி கணவனிடம் தாபரிப்புப் பணம் கேட்கலாம். இவ்வுரிமைகள் ஏட்டிலே உள்ளன. இவற்றை அறியாத பெண்கள் நாட்டிலே உள்ளனர். சிங்களத்தில் எழுதப்பட்ட முறைப்பாட்டிலே என்ன இருக்கின்றதென்று தெரியாமல் கையொப்பமிடும் தமிழ்ப் பெண்ணுக்கு, அதனைத் தமிழாக்கிக் காட்டும் கருவி நற்றுணையே.

ஆனால், சட்டத்தின் பெயரைச் சொல்வது வேறு. அது யாருக்குப் பொருந்தும் என்று தேர்ந்து சொல்வது வேறு. ஓர் உதாரணம் கூறுவோம். தன் பெயரில் உறுதியுள்ள காணியை விற்பதற்கு மணமான பெண்ணுக்குக் கணவனின் சம்மதம் வேண்டுமா? 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்தின்படி வேண்டியதில்லை. மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கும் மலையகத் தமிழ்ப் பெண்ணுக்கும் இதுவே சரியான விடை. தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணப் பெண்ணுக்கோ இது தவறான விடை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தை வேண்டி நிற்கின்றது. அவன் கைவிட்டுச் சென்றாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றை நாடலாம் என்று 8ஆம் பிரிவு வழி செய்கின்றது. அவ்விதி திருத்தப்பட வேண்டியது என்பது நமது கருத்து. திருத்தப்படும்வரை அதுவே சட்டம். போரிலே கணவன் காணாமற்போன பெண்ணுக்கு, தன் காணியை விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்ற அந்த 8ஆம் பிரிவே கதி.

உலகிலே பெருவாரியாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றைப் படித்துப் பழகிய இயந்திரம், தேசவழமையைப் பற்றிப் படித்தது சொற்பம். ஆயினும், தெரியாததையும் தெரிந்ததுபோலத் தயக்கமின்றிச் சொல்வது அதன் இயல்பாக இருக்கின்றது. 2023ஆம் ஆண்டில் நியூயோர்க் நீதிமன்றொன்றிலே, இயந்திரம் கற்பனை செய்த தீர்ப்புகளை உண்மைத் தீர்ப்புகளென முன்வைத்த வழக்கறிஞர் இருவருக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் 5,000 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. அங்கே தண்டிக்க வழக்கறிஞர் இருந்தனர். துணைக்கு எவருமில்லாத பெண் அதே பொய்யை நம்பித் தன் வழக்கை இழந்தால், இழப்பு அவளுக்கு மாத்திரமே. சட்டத்தரணி தவறிழைத்தால் உயர் நீதிமன்றம் அவரை விசாரிக்கலாம். அவரிடம் கூறிய இரகசியத்தைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு காக்கின்றது. இயந்திரத்திடம் கூறிய இரகசியத்துக்கு அக்காவல் இல்லை. அந்தத் தொலைபேசியோ பல வீடுகளிற் கணவனின் கையிலே இருக்கின்றது.

அரசாங்கங்களும் இயந்திரத்தை நம்பத் தொடங்கியுள்ளன. ஸ்பெயின் நாடு 2007ஆம் ஆண்டிலே, முறைப்பாடு செய்யும் பெண்ணுக்குள்ள ஆபத்தைக் கணித்துச் சொல்லும் 'வியோஜென்' என்னும் முறையை ஏற்படுத்தியது. கணிப்பை உயர்த்தும் அதிகாரம் பொலிசாருக்கு இருந்தும், பெரும்பாலும் அவர்கள் அதனை அப்படியே ஏற்றனர். ஆபத்துக் குறைவு என்று கணிக்கப்பட்ட பெண்கள் சிலர் பின்னர் கொல்லப்பட்டனர். கேள்விப் பட்டியலுக்கு வெளியே நின்ற அச்சத்தை அந்தக் கணக்கு அறியவில்லை.

நாம் அஞ்சுவது இதுவே. பணமுள்ளவனுக்குச் சட்டத்தரணி, ஏழைப் பெண்ணுக்கு இயந்திரம் என்று நீதி இரண்டாகப் பிளவுபடலாகாது. 1956ஆம் ஆண்டிலே நமது மொழி ஒதுக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டிலே அதுவும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது. எழுதியதை நடைமுறைப்படுத்தத் தமிழறிந்த பெண் பொலிசாரும் மொழிபெயர்ப்பாளரும் போதாதிருக்கையில், "இயந்திரம் தமிழ் பேசுகின்றதே, இனி ஆட்கள் எதற்கு?" என்று கூறும் புதிய சாட்டு எழ நாம் இடமளிக்கலாகாது.

ஆகவே நாம் கோருவது இவை: நாட்டின் சட்டங்கள் அனைத்தும், தேசவழமை உட்பட, பிழையற்ற தமிழில் எவரும் படிக்கத்தக்கதாக வெளியிடப்பட வேண்டும். அரசாங்க அலுவலகம் எதுவும் இத்தகைய கருவியைப் பெண்களுக்கு வழங்குமாயின், அதன் பதிலைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவர் பார்வையிட்டுப் பொறுப்பேற்க வேண்டும். பெண்ணின் உயிருக்குள்ள ஆபத்தை அவளை நேரிற் கேட்டறிந்த அதிகாரியே தீர்மானிக்க வேண்டும்.

மனுவை இயந்திரம் எழுதலாம். அந்த மனுவுக்குப் பின்னே நின்று, அவளுக்காக மன்றிலே எழுந்து பேசவும், பிழை நேர்ந்தால் பதில் சொல்லவும் ஒரு மனிதர் இருந்தேயாக வேண்டும். அதனை ஏழைப் பெண்ணுக்கும் உறுதிசெய்வது அரசின் கடமை. செய்விப்பது நமது கடமை.